2^61 − 1 பகா எண்தானே? என் நிரல் 2-ஆல் வகுபடும் என்கிறதே!

கேள்வி:
மெர்சென் பகா எண்களை (2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்து வரும் பகா எண்களை)ச் சோதிக்க பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். 2^13 − 1, 2^19 − 1, 2^31 − 1 எல்லாவற்றுக்கும் சரியான விடை. 61 கொடுத்தால் மட்டும், எடுத்த எடுப்பிலேயே "2-ஆல் வகுபடும்" என்று வருகிறது. இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஒற்றைப்படைதானே வரவேண்டும்? இரண்டு நாளாக லூப்பைப் புரட்டிப் பார்த்தும் தப்பு பிடிபடவில்லை. அடுக்குக்கு மேத்.பவ்(2, 61) போட்டிருக்கிறேன்.

பதில் 1:
லூப்பை விடுங்கள். கழித்து வரும் எண்ணை இன்ட் (முழு எண்) ஆக்கி முழுசாக அச்சிடுங்கள். கடைசி இலக்கம் என்ன?

கேட்டவர்:
2305843009213693952. அட, 2-இல் முடிகிறது!

பதில் 1:
1-இல் முடியவேண்டிய எண் அது. மேத்.பவ் எப்போதும் ஃப்ளோட்தான் (தசம எண் வகை) தரும். அதன் துல்லியம் 53 பிட். 9007199254740992-ஐ, அதாவது 2^53-ஐத் தாண்டிவிட்டால் அடுத்தடுத்த முழு எண்களை அதனால் பிரித்துக் காட்ட முடியாது. நீங்கள் கழித்த 1 அதில் கரைந்துபோய், 2^61 அப்படியே நிற்கிறது. 2**61 - 1 என்று எழுதுங்கள், சரியாகிவிடும்.

கேட்டவர்:
இப்போது 951-இல் முடிகிறது, நன்றி. ஆனால் 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே இருக்கிறது, முடிந்தபாடில்லை.

பதில் 2:
எண்ணின் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்க்கவேண்டும்; அது 151 கோடியைத் தாண்டும், ஒற்றைப்படைகளை மட்டும் எடுத்தாலும் சுமார் 76 கோடி வகுத்தல். 2^11 − 1 = 2047 = 23 × 89. காரணிகளில் 1-ஐக் கழித்தால் 22, 88; இரண்டுமே 22-இன் மடங்கு. ஒற்றைப்படைப் பகா எண் எது அடுக்கானாலும் இப்படித்தான், பகாக் காரணி என்று ஒன்று இருந்தால் அது அடுக்கின் இரட்டிப்பினுடைய மடங்கைவிட 1 கூடுதலாக இருக்கும். உங்களுக்கு 123, 245, 367 என்று 122 கூட்டிப் போனால் போதும். 76 கோடி 1.24 கோடியாகிவிடும்.

பதில் 3:
பகாவா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதுமென்றால் வகுத்துத் தேடவே வேண்டாம், லூகாஸ்–லேமர் சோதனை இருக்கிறது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை எடுங்கள். அடுக்கைவிட 2 குறைவான தடவை இதையே செய்து கடைசியில் 0 வந்தால் பகா எண். 2^5 − 1 = 31-க்குக் கையாலேயே போடலாம், 3 சுற்றுதான்: 4, 14, அப்புறம் 194-இன் மீதி 8, பிறகு 62-இன் மீதி 0. உங்கள் எண்ணுக்கு 59 சுற்றுதான்.

கணினியே இல்லாத 1883-இல் இவான் பெர்வுஷின் இந்த எண் பகா என்று நிறுவினார். எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது. இவ்வகை எண்களுக்குப் பெயர் தந்த மெர்சென், பகா எண் தரும் அடுக்குகள் என்று 1644-இல் தந்த பட்டியலில் 61 கிடையாது, தவறாக 67 இருந்தது. அதையும் ஓட்டிப் பாருங்கள்.

கேட்டவர்:
61-க்கு 59-ஆவது சுற்றில் 0, கண்ணிமைக்கும் நேரத்தில்! 67-க்கு 0 வரவில்லை. ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்று காட்டவில்லையே?

பதில் 3:
இந்தச் சோதனை காரணியைச் சொல்லாது. அதற்கு மேலே சொன்ன வழிதான். 67-க்கு 134 கூட்டிப் போங்கள்.

கேட்டவர்:
மாட்டியது! 1445580-ஆவது எண், 193707721. இன்னொன்று 761838257287.