ஃபியூவல் செல்: ‘ஊட்டுமின்கலம்’ என்று சொல்லலாமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பினாங்கிலிருந்து நீங்கள் எழுதிய மடலை ஊன்றிப் படித்தேன். ஹைட்ரஜன் போன்றவற்றிலிருந்து மின்சாரம் தரும் ஃபியூவல் செல்லுக்கு ‘எரிபொருள் மின்கலம்’ வேரூன்றிவிட்ட சொல் என்கிறீர்கள். யுரேனியம் தீப்பற்றாமலே ‘அணு எரிபொருள்’ என்று வழங்கவில்லையா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை.

யுரேனியத்திடமிருந்து நாம் பெறுவது வெப்பம். அது நீரைக் கொதிக்க வைக்கிறது, நீராவி சுழலியைச் சுழற்றுகிறது. அங்கே ‘எரி’ உறுத்தவில்லை. இந்தக் கலத்தின் சிறப்போ வெப்பத்தின் வழியாகப் போகாததில்தான் இருக்கிறது. வெப்பத்தால் இயங்கும் எந்த எந்திரமும் அதில் ஒரு பங்கையே வேலையாக மாற்ற முடியும் என்று 1824இல் பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ காட்டிய வரம்பு உண்டு. இங்கே வேதி ஆற்றல் நேராக மின்னாற்றலாவதால் அந்த வரம்பு பொருந்தாது. ஹைட்ரஜன் வினையூக்கியான பிளாட்டினத்தின் மேல் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. புரோட்டான் நடுவிலுள்ள சவ்வைக் கடந்துவிடுகிறது. எலக்ட்ரானுக்கு அந்த வழி அடைப்பு, கம்பி வழியே சுற்றித்தான் வர வேண்டும். அந்த ஓட்டமே நமக்கு மின்சாரம். மறுபக்கம் இரண்டும் ஆக்சிஜனோடு கூடி நீராகின்றன. சுடர் என்ற பேச்சே இல்லை.

செந்தூலில் என்னிடம் படிக்கும் நான்காம் படிவ மாணவர்களுக்குச் சிறிய கலம் ஒன்றை இயக்கிக் காட்டினேன். விசிறி சுழன்றது, வோல்ட் அளவி 0.7ஐ ஒட்டி நின்றது. குழாய் நுனியில் நீர்த்துளி திரண்டது. பெயரைக் கேட்டிருந்த ஒரு மாணவி, சுட்டுவிடும் என்று கலத்தைத் தொடவே தயங்கினாள். பெயர் செய்த வேலை அது!

மலாயிலும் இதே சிக்கல் உண்டு. எரிபொருளைக் குறிக்கும் ‘பாஹான் அப்பி’யில் ‘அப்பி’ என்பது நெருப்பு. பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கழகமோ ‘செல் ஃபுவல்’ என்றே பெயர் தாங்கியிருக்கிறது. நாமும் ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பார் உண்டு. வேர்ச்சொல் கைவசம் இருக்கும்போது அது தேவையில்லை.

சாதாரண மின்கலம் தன் சரக்கைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது, தீர்ந்தால் ஓய்கிறது. இது அப்படியன்று, வெளியிலிருந்து ஊட்ட ஊட்ட மின்சாரம் தரும். எனவே ‘ஊட்டுமின்கலம்’. 19ஆம் நூற்றாண்டில் இதைச் செய்துகாட்டிய வில்லியம் குரோவ் ‘வாயு மின்கலம்’ என்ற பொருளில்தான் பெயரிட்டார். ஆனால் இன்று திரவ மெத்தனாலை நேரடியாக ஏற்கும் கலங்களும் இருப்பதால் ‘வாயு’ போதாது.

சார்ஜைக் குறிக்கும் ‘மின்னூட்டம்’ என்ற சொல்லோடு குழம்பாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இதுதான் வலுவான தடை. சார்ஜ் ஏற்றுவதை ‘மின்னேற்றம்’ என்று ஒரே சீராக எழுதினால் குழப்பம் நீங்கும் என்று நம்புகிறேன். இதைவிடப் பொருத்தமான வேர் உங்களுக்குத் தோன்றினால் என் சொல்லை விட்டுவிடவும் அணியமாக இருக்கிறேன், ‘எரி’ மட்டும் வேண்டாம்.

பல கலங்களை அடுக்கிய தொகுதிக்குக் ‘கலவடுக்கு’ போதும். உள்ளே இருப்பதற்குப் ‘படலம்’ வேண்டாம், ‘சவ்வு’ என்றே இருக்கட்டும். மாணவர் கையேடு அச்சுக்குப் போகுமுன் உங்கள் முடிவைத் தெரிவியுங்கள் ஐயா.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து