மூன்று வினைக்கும் ஒரே ‘பதப்படுத்தல்’ போதுமா?

முதல் மடல் (மொழிபெயர்ப்பாளர்)

குழுவினருக்கு வணக்கம். கடினமாக்கிய கருவி எஃகை வீட்டுப் பட்டறையில் பாதுகாப்பாக வெட்டுவது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போயாக வேண்டும். மூலத்தில் ஹார்டனிங், டெம்பரிங், அனீலிங் என மூன்று வினைகள் வருகின்றன. சிவக்கக் காய்ச்சிய எஃகை எண்ணெயிலோ நீரிலோ தோய்ப்பது முதலாவது. அதன் நொறுங்கும் தன்மை குறையுமாறு ஏறத்தாழ 150 முதல் 300 பாகை செல்சியஸுக்குள் மீண்டும் சூடாக்குவது இரண்டாவது. மறுபடி சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டு மென்மையாக்குவது மூன்றாவது. முதல் வரைவில் மூன்றையும் ‘பதப்படுத்தல்’ என்றே எழுதிவிட்டேன். விளைவாக, ‘பதப்படுத்திய எஃகை ரம்பத்தால் அறுக்கலாம்’ என்ற வரியும் ‘பதப்படுத்திய எஃகின்மேல் ரம்பத்தை வைக்காதீர்’ என்ற வரியும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. வழி சொல்லுங்கள்.

மறுமொழி (தமிழாசிரியர்)

சொல்லைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. புறநானூற்றின் 21ஆம் பாட்டில் ஐயூர் மூலங்கிழார், பகைவன் கைப்பற்றிய அரணை மீட்பது ‘கருங்கைக் கொல்லன் செந்தீ மாட்டிய இரும்புஉண் நீரினும்’ அரிது என்கிறார். காய்ந்த இரும்பு நீரை உண்கிறது. உண்ட நீர் மீளாது. ஆகவே ஹார்டனிங் என்பதை ‘நீருண்ணல்’ என்றும், அப்படிக் கடினமானதை ‘நீருண்ட எஃகு’ என்றும் சொல்லலாம். எஃகு என்பதே சங்கப் பாடல்களில் வேலையும் வாளையும் குறித்து வருவது. எஃகுதல் என்னும் வினையோடு அதற்குள்ள உறவைத் தனி மடலாக எழுதுகிறேன்.

மறுமொழி (பட்டறைக்காரர்)

ஐயா, பாட்டு அருமை; ஆனால் ஓ-1 என்னும் கருவி எஃகு எண்ணெயைத்தான் உண்ணும், ஏ-2 காற்றில் ஆறியே கடினமாகிவிடும். காற்றுண்ட எஃகு என்று தனியாக ஒரு சொல்லும் வேண்டுமா? பயன்படுத்துபவருக்கு வேண்டியது, எது ரம்பத்துக்கு இசையும், எது இசையாது என்பதே. துண்டின் ஓரத்தில் அரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். அரம் கடிக்காமல் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால், அங்கே ஹேக்சா பிளேடின் பற்கள்தாம் மழுங்கும். அதன் பின் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டும் வெட்டுத் தட்டான கட்டிங் வீல்தான்: வீலில் அச்சிட்டிருக்கும் உச்சச் சுழல்வேகம் கிரைண்டரின் வேகத்துக்குக் குறையக் கூடாது, காப்பு மூடியைக் கழற்றக் கூடாது, பக்கவாட்டில் அழுத்தக் கூடாது, முகக்காப்புக்குள்ளும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். தோய்த்ததோடு நிறுத்திய துண்டைச் சுத்தியலால் தட்டி ஒடிக்கப் பார்த்தால், சில்லு கண்ணுக்குத்தான் வரும்.

எனக்கு வேண்டிய சொல் வேறு. வெட்டும்போது அடிக்கடி நீரில் நனைக்காவிட்டால் வெட்டுவாயோரம் முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, 300 பாகையை ஒட்டி நீலம் என மாறும். சாதாரணக் கரிம எஃகில் நீலம் வந்த இடம் வெட்டுமுனைக்கு உதவாது. அதை ‘நீலம்பாரித்தல்’ என்றே எழுதுங்கள், எவருக்கும் புரியும்.

மறுமொழி (தனித்தமிழ் அன்பர்)

நஞ்சேறிய உடலுக்குச் சொல்வதை எஃகுக்குச் சொல்வது பொருந்துமா? மேலும் ஹைஸ்பீடு ஸ்டீல் என்னும் வேகவெட்டு எஃகு நீலமான பின்னும் கடினம் குறையாது. 600 பாகை வரை தாங்கும். நிறத்தை வைத்துப் பெயரிட்டால் அங்கே பொய்யாகிவிடும். ‘பதம்’ வடசொல் என்று சிலர் தனிமடலில் ஐயுற்றார்கள். நன்னூலின் பதவியலில் சொல் என்னும் பொருளில் உள்ள பதம் வேறு. கத்தியைப் பதம் பார்ப்பதில் உள்ள பதம் நம்முடையதே. அனீலிங்குக்குக் ‘காய்ச்சியாற்றல்’ என்று எவரேனும் சொல்வதற்கு முன்பே தடுக்கிறேன்: அதைப் படிப்பவர் சக்தியைத்தான் நினைப்பார். ‘காய்ச்சியாற்றுதல்’ என்று தொழிற்பெயர் விகுதியை மாற்றினால் குழப்பமில்லை.

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்)

அனைவருக்கும் நன்றி. மடல்கள் நாற்பதைத் தாண்டிவிட்டன, எஃகுதல் பற்றியவை மட்டும் பதினொன்று. ஹார்டனிங் = கடினமாக்கல், டெம்பரிங் = பதமாக்கல், அனீலிங் = காய்ச்சியாற்றுதல், வெட்டும் சூட்டில் கடினம் குறைவது = பதமிழத்தல் எனப் பெரும்பான்மையோர் ஏற்றதாகக் கொண்டு இன்றிரவு அனுப்புகிறேன். ‘நீருண்ட எஃகு’ முன்னுரையில் ஒருமுறை வரும்.

மறுமொழி (பட்டறைக்காரர்)

அனுப்புவதற்குள் ஒன்று. பதமாக்கல் என்பதே அளவான சூட்டால் கடினத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உறுதியை வாங்குவது. வெட்டும்போது நீலமாவதும் அதே வினைதான், அளவு மீறி, வேண்டாத இடத்தில் நடக்கிறது. அங்கே எஃகு பதத்தை இழக்கவில்லை, பதம் மிஞ்சிப்போயிற்று. ‘பதமிழத்தல்’ என்று அச்சிட்டால், சூடாக்கினால் பதம் வரும் என்று 12ஆம் பக்கத்திலும் சூடானால் பதம் போகும் என்று 15ஆம் பக்கத்திலும் இருக்கும். ‘பதமிஞ்சல்’ என்று மாற்ற முடியுமா?

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்)

ஐயா, கோப்பு அரை மணிநேரத்துக்கு முன்பே போய்விட்டது. மெய்ப்பு திரும்பி வரும்போது 15ஆம் பக்கத்தை முதலில் பார்க்கிறேன்.