மாதிரி வகுப்பு 15 நிமிடம், எதிரே பிள்ளைகளே இல்லை: எப்படித் தயாராவது?

பின்னக்கணக்கு:
வணக்கம். அடுத்த புதன்கிழமை எனக்குக் கணக்கு ஆசிரியர் வேலைக்கு நேர்காணல். ஆறாம் வகுப்புப் பின்னக் கூட்டலை 15 நிமிடத்தில் நடத்திக் காட்ட வேண்டும், அப்புறம் கேள்விகள். பிள்ளைகள் இருக்க மாட்டார்களாம், குழுவில் இருக்கிற நான்கு பேரே மாணவர்களாக உட்காருவார்கள். போன தடவை வேறொரு இடத்துக்குப் போனபோது பாடத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பாதியில் ஒருவர் கையைத் தூக்கி, "டீச்சர், 1/2 கூட்டல் 1/3 என்றால் 2/5 தானே?" என்றார். சிரித்துக்கொண்டே "இல்லை, தப்பு" என்று சொல்லிவிட்டு நேராக மீச்சிறு பொது மடங்குக்குப் போய்விட்டேன். அவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். அதோடு சரி, அழைப்பே வரவில்லை. இந்தத் தடவை ப்ளூம், வைகாட்ஸ்கி என்று கற்றலைப் பற்றி எழுதிய உளவியலாளர்களை எல்லாம் எடுத்துவைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அது போதுமா? பேச ஆரம்பித்தால் மூச்சு விடாமல் பேசுகிற வியாதி வேறு எனக்கு இருக்கிறது.

மறுபக்க நாற்காலி:
நான் பல வருஷமாக அந்தக் குழுவில் உட்காருகிற ஆள். நீங்கள் போன இடம் எதுவென்று தெரியாது, ஆனால் அந்த 2/5 சந்தேகம் இல்லை, வேண்டுமென்றே போட்ட தூண்டில். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு, அந்தப் பிள்ளையிடம் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று பார்க்கத்தான் கேட்டிருப்பார். "தப்பு" என்ற உடனே பிள்ளைக்குக் கதவை மூடிவிட்டீர்கள். அதற்குப் பதிலாக, "சரி, 2/5 பாதியை விடப் பெரிதா, சிறிதா?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்தில் பாதி இரண்டரை, ஆகவே 2/5 பாதியை விடச் சிறிது. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, எப்படிக் குறைந்தது? இதைப் பிள்ளை தானே கண்டுபிடித்தால் அப்புறம் மீச்சிறு பொது மடங்கை நீங்கள் திணிக்க வேண்டியதில்லை, அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

அதனால் இந்த ஒரு வாரம் சரியான விடைகளை விடுங்கள், அவை உங்களுக்குத் தெரியும். தப்பான விடைகளைத் தயார் செய்யுங்கள். 4 பெரிது என்பதால் 1/4 தான் 1/3-ஐ விடப் பெரிது என்று ஒரு பிள்ளை சொல்லும். பகுதியை 6 என்று சரியாக மாற்றிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்து 2/6 என்று இன்னொன்று எழுதும். ஒவ்வொன்றுக்கும் "இப்படி ஏன் தோன்றியிருக்கும்" என்று ஒரு வரி, திருப்பிக் கேட்க ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

சாக்பீஸ் தூள்:
மேலே சொன்னதுக்கு ஒரு ஓ. மூச்சு விடாமல் பேசுகிற விஷயத்துக்கு மட்டும் நான் வருகிறேன். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதியது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 நொடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, பதிலே வராமல் போவது குறைகிறது. 3 நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். குழுவின் முன்னால் நின்று பாருங்கள், ஒரு யுகம் மாதிரி இருக்கும்! நான் முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கி மடக்கி எண்ணுவேன். அமைதியாக நிற்கத் தெரிந்தவருக்கு வகுப்பு பழக்கம் என்று குழுவுக்குப் புரிந்துவிடும்.

அப்புறம் கரும்பலகை. முழு சாக்பீஸில் எழுதினால் கிறீச்சிடும், பாதியாக ஒடித்துக்கொள்ளுங்கள். எழுதும்போது உடம்பு பலகையை மறைக்கக் கூடாது. பின்னத்தின் நடுக்கோட்டைச் சாய்க்காமல் படுக்கையாகப் போடுங்கள், இல்லையென்றால் கடைசி வரிசைக்கு 1/2 என்பது 12 மாதிரி தெரியும்.

ஏழாம் பீரியட்:
நாற்காலிக்காரரோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். தப்பான விடைகளைப் பட்டியல் போட்டுப் போனவர்கள், யாராவது எப்போது தப்பாகச் சொல்வார்கள் என்று காத்திருந்து, சொன்னதும் பாய்ந்து தயாரித்த கேள்வியைக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அது நாடகம் என்று அப்பட்டமாகத் தெரியும். பட்டியலில் இல்லாத தப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? "எப்படி வந்தது, சொல்லுப்பா" என்று கேட்டுவிட்டு நிஜமாகவே காது கொடுங்கள். அது வராமல் மற்றது எதுவும் உதவாது.

ப்ளூம், வைகாட்ஸ்கி பற்றி: பெயர்களை உதிர்ப்பதால் ஒன்றும் ஆகாது. கற்றலைப் படிப்படியாகப் பிரிக்கிற ப்ளூமின் வகைப்பாடு 1956-ல் வந்தபோது மதிப்பிடுதல் உச்சியில் இருந்தது, 2001 திருத்தத்தில் படைத்தல் உச்சிக்குப் போனது என்று ஒப்பித்தால் குழு தலையாட்டும், அடுத்த கேள்விக்குப் போய்விடும். அதையே உங்கள் பாடத்தில் வைத்துச் சொல்லுங்கள். 1/2 + 1/3 போடு என்பது ஒரு படி, 2/5 ஏன் சரியாக இருக்க முடியாது என்று சொல் என்பது அதற்கு மேல். வைகாட்ஸ்கியும் அப்படித்தான், பிள்ளைக்குத் தனியாக முடியாது, யாராவது கைகொடுத்தால் முடியும் என்கிற அந்த இடைவெளி உங்கள் 15 நிமிடத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டினால் பெயரே சொல்ல வேண்டாம்.

"ஏன் ஆசிரியராக வந்தீர்கள்" என்ற கேள்வி வரும். குழந்தைகள் என்றால் எனக்கு உயிர் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், உங்களுக்கு முன்னால் வந்த அத்தனை பேரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நீங்கள் யாருக்காவது ஏதாவது சொல்லிக்கொடுத்து அது புரிந்த ஒரு நாளைச் சொல்லுங்கள், புரியாமல் போன நாள் என்றால் இன்னும் நல்லது. விடை தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்பார்கள். தெரியாது, நாளைக்குப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பேன், மறுநாள் மறக்காமல் சொல்வேன் என்றால் போதும். கடைசியில் உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றால் சும்மா தலையை ஆட்டாமல், ஒரு வகுப்பில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை பீரியட், புதிதாக வருபவருக்கு யார் துணை என்று கேளுங்கள்.

பின்னக்கணக்கு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அண்ணன் மகனை உட்காரவைத்து நடத்திப் பார்த்தேன், 15 நிமிடப் பாடம் 22 நிமிடம் ஓடியது. வரையறைகளை எல்லாம் தூக்கிவிட்டேன். 2/5 கேள்வியை அவனிடமே போட்டால், "அத்தை, கூட்டினா எப்படிக் குறையும்?" என்று அவனே குழம்பி, அப்புறம் பேப்பரை எடுத்து மடித்தான். அதையே வகுப்பிலும் செய்யலாமா? ஒரு தாளை ஒரு பக்கம் இரண்டாகவும் மறுபக்கம் மூன்றாகவும் மடித்தால் ஆறு கட்டம் வருகிறது. பாதி என்பது 3 கட்டம், மூன்றில் ஒன்று 2 கட்டம், மொத்தம் 5/6.

மறுபக்க நாற்காலி:
தாராளமாக. ஆனால் மூன்றாக மடிப்பது லேசில் சரியாக வராது, வீட்டிலேயே மடித்துத் தடம் பதித்து எடுத்துப்போங்கள். நான்கு பேர் கையிலும் ஒவ்வொரு தாள் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.