திக்குவாய்க்குக் கவனப் பயிற்சி: எங்கே உதவும், எங்கே காலை வாரும்

மூணாம் டிவிஷன்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் திக்கலோடு இருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மைண்ட்ஃபுல்னஸ், அதாவது உடம்பிலும் மனத்திலும் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சி, செய்தால் திக்குவாய் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திக்கும்போது நாம் போடும் சண்டையைத்தான் அது குறைக்கும். ஆனால் பாதிப் பாரம் அந்தச் சண்டையில்தான் இருக்கிறது.

ஒட்டுக்கடையில் "தே ஓ" (பால் இல்லாத தேநீர்) கேட்பதையே எடுத்துக்கொள்வோம். "த"வில் நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், காற்று வராது. பயத்தில் இன்னும் அழுத்துவோம். தாடை இறுகும், தொண்டை மூடும், கண் தானாகச் சிமிட்டும். சிலர் "தே"யை விட்டுவிட்டு, வேண்டாத "மைலோ"வை வாங்கிக் குடித்துவிட்டு வருவார்கள்.

சொல்லை மாற்றாமல் அந்த அடைப்பிலேயே நில்லுங்கள். அழுத்தம் எங்கே என்று தேடுங்கள்: நாக்கா, தாடையா, தொண்டையா? கண்டுபிடித்த இடத்தில் அழுத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள், முழுதாக விட முயல வேண்டாம். காற்று கசியத் தொடங்கியதும் "தே" மெதுவாக வெளியே வரும். இது சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கப் பேச்சுச் சிகிச்சையாளர் கற்றுத்தந்த முறை. அவரும் திக்கியவர்தான். அடைப்பு ஒரு யுகம்போலத் தோன்றினாலும் பெரும்பாலும் ஒரு நொடிதான். ஐந்து நொடியைத் தாண்டுவது அபூர்வம்.

அந்த ஒரு நொடிக்குள் நாக்கைக் கவனிக்க வேண்டுமென்றால் வீட்டில் பழகியிருக்க வேண்டும். ஜான் கபாட்-ஸின் 1979-இல் அமெரிக்காவில் தொடங்கிய கவனப் பயிற்சி 8 வாரம், தினமும் முக்கால் மணி நேரம். விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடுகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. 10 நிமிடத்தில் தொடங்கினால் போதும். நெற்றி, தாடை, நாக்கு, கழுத்து, தோள் என்று கவனத்தை இறக்குங்கள். நாக்கில் மட்டும் கூடுதலாக இரண்டு நிமிடம் நில்லுங்கள். பேசாத நேரத்திலும் அது அண்ணத்தில் அழுந்தியிருப்பது அப்போது தெரியவரும்.

பால் வாளி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கவனப் பயிற்சி என்றாலே மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள், அது எல்லாருக்குமே ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. திக்குகிறவர்களில் சிலருக்கு மூச்சைப் பார்த்த உடனே தொண்டை இறுகும். அவர்கள் மூச்சுக்குப் பதிலாக உள்ளங்காலைக் கவனிக்கட்டும். செருப்புக்குள் விரல்கள், குதிகாலில் இறங்கும் எடை, அது போதும்.

பெரிய தவறு எது தெரியுமா? பேசுவதற்கு முன் மூச்சை நிறைய இழுத்து அடக்கிக்கொள்வது. குரல்வளை மூடிவிடும், மூடிய இடத்திலிருந்து சொல் எப்படிக் கிளம்பும்? முதல் வாரம் பலித்ததுபோல் இருக்கும். பிறகு அந்த மூச்சே திக்கலின் ஒரு பகுதியாகிவிடும், அது இல்லாமல் வாயைத் திறக்க முடியாது. மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே பேச்சைத் தொடங்குங்கள்.

"இன்று எத்தனை தடவை திக்கினேன்" என்று எண்ணுவதும் வேண்டாம். எண்ணத் தொடங்கினால் பயிற்சி பரீட்சையாகிவிடும். "இன்று எத்தனை சொல்லை மாற்றாமல் சொன்னேன்" என்று எண்ணுங்கள்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்:
பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. "மெதுவா பேசு, மூச்ச இழு" என்று சொல்லாதீர்கள். பிள்ளை ஆரம்பித்த சொல்லை நீங்கள் முடிக்காதீர்கள். கோயிலில் கூட்டத்தோடு தேவாரம் தடையில்லாமல் பாடுகிறான், வீட்டில் திக்குகிறான் என்றால் அவன் நடிக்கவில்லை. பலரோடு சேர்ந்து பாடும்போதும் வாசிக்கும்போதும் திக்கல் விலகுவது இயல்பு. நாக்கில் வசம்பு தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது, பிரச்சினை நாக்கில் இல்லை.

இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்கும் திக்கல் பெரும்பாலும் தானாகப் போய்விடும். ஆறு மாதம் தாண்டியும் நின்றால், அதுவும் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தால், காத்திருக்க வேண்டாம். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டரைப் பார்த்து, பெரிய மருத்துவமனைப் பேச்சுச் சிகிச்சையாளருக்குக் கடிதம் கேளுங்கள். சின்னப் பிள்ளையைக் கண்ணை மூடி உட்காரச் சொல்வது அந்தச் சிகிச்சைக்கு ஈடாகாது.

மூணாம் டிவிஷன்:
டீச்சர் சொன்னது முக்கியம், நன்றி. பெரியவர்களுக்கு அலுவலகக் கவுண்டரில் பேசுவதுதான் கஷ்டம், ஏனென்றால் சொந்தப் பெயரை மாற்றிச் சொல்ல முடியாது. நம்பர் வரும் வரை மனம் பெயரை ஒத்திகை பார்த்துக்கொண்டே இருக்கும், தாடையும் கூடவே இறுகிக்கொண்டே வரும். ஒத்திகை ஓடுவது தெரிந்தால் திட்டாமல் "ஒத்திகை" என்று மனத்துக்குள் பெயர் வைத்துவிட்டு உள்ளங்காலுக்குத் திரும்புங்கள். பத்து தடவை ஓடினால் பத்து தடவை திரும்புங்கள். முறை வந்ததும் முதல் வாக்கியமாகவே "சாயா காகாப், துங்கு செகெஜாப் யா" (எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்கள்) என்று மலாயில் சொல்லிவிடுங்கள். மறைக்க ஒன்றும் இல்லை என்றானதும் தொண்டை கொஞ்சம் இளகும். அந்த வாக்கியத்திலேயே திக்கினாலும் பரவாயில்லை, விஷயம் அவர்களுக்குப் புரிந்துவிடும்.