கவ்வாத்துச் சாமி, ரோதமுனி: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துக் கோயில் என்றாலே எல்லாரும் மாரியம்மன் திருவிழாவைத்தான் எழுதுகிறோம். கரகம் பாலிப்பது, பறவைக்காவடி, தீமிதிப்பு எல்லாம் சரி. நோட்டீஸ் அடிக்காத சாமிகளும் இருக்கிறதே!

எங்கள் தோட்டம் அட்டன் பக்கம். அப்பா கவ்வாத்து வெட்டியவர், அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்துவிடுகிற வேலை. ஒரு மலையில் கவ்வாத்து தொடங்கும் காலையில் யாரும் நேரே செடியில் கத்தி வைக்க மாட்டார்கள். மலையடியில் ஒரு கல்லைக் கழுவி மஞ்சள் பூசி, எல்லாருடைய கத்தியையும் அதன் முன்னால் வைத்து, தேங்காய் உடைத்து, சேவல் அறுப்பார்கள். ஐயர் கிடையாது, மந்திரமும் கிடையாது. மூத்த ஆள் ஒருவர் சூடம் காட்டுவார். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில் ஒருமுறை அதைப் பார்த்தேன். சூடம் காட்டிய தாத்தாவுக்கு அருள் வந்து, “ஒருத்தன் ரத்தமும் இந்த மலையில விழாது, போங்கடா” என்றார். மழையில் வழுக்கும் சரிவு, கையில் தீட்டிய கத்தி, நாள் முழுக்கக் குனிந்த முதுகு. அந்த ஒரு வாக்குக்காகத்தான் அத்தனை பேரும் காத்து நின்றார்கள்.

ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, ரோதமுனி. சுற்றுகிற சக்கரமும் பெல்ட்டும் ஆளை இழுத்துவிடாமல் காக்கிற முனி. ராத்திரியில் ஸ்டோர் பக்கம் சுருட்டு வாடை வந்தால் திரும்பிப் பார்க்காதே என்பார் அப்பாயி. எனக்கும் வாடை வந்திருக்கிறது, ஓடியும் இருக்கிறேன். (காவல்காரரும் சுருட்டுக்காரர்தான். இருந்தாலும்!)

இங்கே தேயிலையைத் தோட்டமாகப் போட்டதே 1867இல், லூல்கந்துரையில். மாரியம்மனும் மதுரை வீரனும் கடல் தாண்டி வந்தவர்கள். ரோதமுனி இந்த மலையில், வேலைக்குள்ளேயே பிறந்தவர். அவரைப் போய்க் கோபுரம் கட்டும்போது ஓரமாக ஒதுக்கி, பலியையும் நிறுத்தி, கம்பிக் கதவு போட்டு வைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மாத்தளையிலிருந்து ஒரு பதில்:
கோபுரத்தை ஏன் திட்டுகிறீர்கள்? எங்கள் முத்துமாரியம்மனும் மரத்தடியில் தொடங்கியவள்தான் என்பார்கள். தேயிலைக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய சனம் காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தது. வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் அம்மை நோயின் தாயைக் கும்பிடாமல் வேறு யாரைக் கும்பிடுவார்கள்? இன்று மாசி மகத்துக்கு அவளுடைய ஐந்து தேரும் தெருவில் இறங்கும்போது, கல்லாகவே இருந்திருக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றாது.

பண்டாரவளைப் பக்கமிருந்து இன்னொருவர்:
எங்கள் ஸ்டோர் மூடியாயிற்று. மெசின்களைப் பழைய இரும்புக்கு ஏற்றிவிட்டார்கள். சக்கரமே இல்லை, முனி மட்டும் இருக்கிறார். கொழும்பில் கடை வேலைக்குப் போன பொடியன்கள் தீபாவளிக்கு வந்தால் சாராயமும் சுருட்டும் வைக்கிறார்கள். போன தடவை ஒருத்தன் புது த்ரீவீலர் சாவியைக் கொண்டுவந்து வைத்தான். அதிலும் சக்கரம் மூன்று இருக்கிறதே என்றான்.