தாத்தா காலத்து ரைஃபிள்: போல்ட் நகரவில்லை, பொட்டு வைத்த இடமெல்லாம் துரு. என்ன செய்வது?

கேட்பவர்: ஏலக்காட்டுப் பேரன்

வணக்கம். அப்பா தை மாதம் தவறிவிட்டார். பீரோவுக்குப் பின்னால் தோல் உறையில் அவர் வைத்திருந்த ரைஃபிளை நேற்றுதான் வெளியே எடுத்தேன். எங்கள் ஊர் போடி. மலைமேல் ஏலத்தோட்டக் காவலுக்காகக் கொள்ளுத்தாத்தா மதராஸில் வாங்கியது என்று வீட்டில் சொல்வார்கள். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு தாத்தா அதை ஒருமுறைகூடச் சுடவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, குழலில் மூன்று இடம், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் பக்கம் ஒன்று என்று சந்தனம் குங்குமம் வைப்பார். அப்பாவும் அப்படியே செய்தார்.

இப்போது அந்த நான்கு இடத்திலும் வட்ட வட்டமாகத் துரு. போல்ட் அசையவே இல்லை. உள்ளே தோட்டா இருக்கிறதா என்றும் தெரியவில்லை. சித்தப்பா, "உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பரண்மேல் வை, யார் கேட்கப் போகிறார்கள்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இது .303, மிலிட்டரி துப்பாக்கி, வைத்திருந்தாலே ஜெயில் என்று பயமுறுத்துகிறார். உரிமப் புத்தகத்தில் .315 போர் (குழல் துளையின் அளவு) என்று இருக்கிறது. மூன்று துப்பாக்கிகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்பது போல ஒரு முத்திரை, குழலடியில் கிரீடத்தோடு பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகள். யாராவது வழி சொல்லுங்கள்.

பதில்: பழைய ஆர்மரர்

தம்பி, அப்பாவுக்கு என் அஞ்சலி. முதலில் போல்டை இனித் தொடாதீர்கள். மூடிய போல்ட் என்றால் உள்ளே தோட்டா இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐம்பது வருடப் பழைய தோட்டாவும் வெடிக்கும். சுத்தியலால் தட்டுவது, சூடு காட்டுவது எதுவும் கூடாது. குழலுக்கு எதிரே ஆள் நிற்காத மூலையில் வைத்து அறையைப் பூட்டுங்கள்.

இரண்டாவது, உரிமம் அப்பாவின் பெயருக்குக் கொடுத்தது. அவருக்குப் பிறகு அது உங்களுக்குத் தானாக வராது. 1959 ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி, தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். தை முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன, நாளைக்கே நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். போல்ட் இறுகியிருப்பதைச் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டுக்கொண்டு எடுத்துப் போங்கள். உரிமப் புத்தகம், இறப்புச் சான்றிதழ் இரண்டும் கையில் இருக்கட்டும். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஒப்படைத்தால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். 2016 ஆயுத விதிகளில் வாரிசு உரிமத்துக்கு வழி இருக்கிறது. மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதத்தோடு கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் உச்சவரம்பு. பரம்பரைத் துப்பாக்கிக்கும் அதே கணக்கு. சித்தப்பா பாசத்தில் சொல்கிறார், ஆனால் பரண் யோசனை உங்களை வழக்கில்தான் கொண்டுபோய் விடும்.

பதில்: குழல் முத்திரை

நீங்கள் சொல்லும் முத்திரை பர்மிங்ஹாம் பி.எஸ்.ஏ. கம்பெனியுடையது. பி.பி., பி.வி. அந்த ஊர்ச் சோதனைச் சாலை வைப்பது, என்.பி. என்றால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது. ராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் .303-ஐ இங்கே தடுத்தார்கள். அதனால் .303-இல் இருந்த அதே லீ வகைப் போல்டை வைத்து, ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவுக்கு ஏற்ற வேட்டை ரைஃபிளை இந்தியாவுக்கென்று செய்தார்கள். அதுதான் .315. இஷாப்பூர் தொழிற்சாலையும் பிறகு .315 செய்தது. உருவம் .303 போலவே இருப்பதால் பலரும் குழம்புவார்கள். புத்தகத்தில் இருக்கும் எண்ணும் துப்பாக்கியில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று மட்டும் பாருங்கள்.

உப்புத்தாள் பட்டால் அந்த முத்திரைகளும் எண்ணும் கருநீலப் பூச்சும் போய்விடும். அப்புறம் எந்த நிபுணராலும் திருப்பித் தர முடியாது.

பதில்: ஏலக்காட்டுப் பேரன்

எண் ஒன்றேதான் அண்ணா! இன்னொன்றும் கிடைத்தது. தேர்தல் சமயத்தில் நிலையத்தில் ஒப்படைத்த ரசீதுகளைத் தாத்தா ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். எல்லாவற்றிலும் இதே எண். ஆனால் இவ்வளவு எண்ணெய் போட்டும் ஏன் இறுகியது?

பதில்: பழைய ஆர்மரர்

அந்த எண்ணெய்தான் காரணமாக இருக்கும். தேங்காய் எண்ணெய் வருடக்கணக்கில் காற்றுபட்டுப் பிசின் மாதிரி ஆகிவிடும். ஈரச் சந்தனம் காயும்வரை தண்ணீரை இரும்போடு ஒட்டவைத்தே இருக்கும், அங்கே துரு பிடிக்கும். தோல் உறையும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துப்பாக்கியை உறைக்குள் போட்டு வைக்கவே கூடாது. தாத்தாவைக் குறை சொல்லவில்லை, அவர் தெய்வமாக நினைத்துச் செய்தார்.

உரிமம் வந்தபிறகு மெல்லிய மெஷின் எண்ணெய் போதும். துருவை எண்ணெயில் ஊறவைத்துச் செப்புக் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டலாம். செம்பு எஃகைவிட மென்மை, கீறாது. ரசீதுகளை விண்ணப்பத்தோடு நகல் வையுங்கள்.

பதில்: ஏலக்காட்டுப் பேரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நிலையத்தில் சொல்லி, அவர்கள் சொன்னபடி துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தோம். கடைக்காரர் இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்துப் போல்டைத் திறந்தார். தோட்டா அறை காலி. மூச்சு வந்தது எனக்கு. குழலுக்குள் சில இடத்தில் துருக்குழி, ஆனால் தோட்டாவைச் சுழலவைக்கும் வரிகள் தெளிவாக இருக்கின்றனவாம். கோவையிலிருந்து அக்கா வந்து கையெழுத்துப் போட்டாள், அம்மாவும் போட்டார். விண்ணப்பம் கொடுத்தாயிற்று.

அம்மாவுக்கு ஒரே ஒரு கவலை. இந்த வருடம் பண்டிகை இல்லை. அடுத்த ஆயுத பூஜைக்குள் துப்பாக்கி வீட்டுக்கு வராவிட்டால் எதற்குப் பொட்டு வைப்பது என்கிறார்.

பதில்: பழைய ஆர்மரர்

அந்தத் தோல் உறைக்கு வைக்கச் சொல்லுங்கள் தம்பி. வந்தபிறகும் உறைக்கே வைக்கட்டும்.