மாட் போடப் போய் மாட்டிக்கொண்ட கதைகள்

தக்கலையிலிருந்து எழுதுகிறேன். வைகாசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் முற்றத்தில்கூட இறங்க முடியாத வாரம் அது. என் சித்தி மகன் மைன்கிராஃப்ட் விளையாட்டே கதி என்று கிடந்தான். திரை மூலையில் வரைபடம் காட்டும் மாட் (விளையாட்டோடு கூடுதலாகச் சேர்க்கும் கோப்பு) ஒன்று வேண்டும் என்று தேடியிருக்கிறான். அகப்பட்ட தளத்தில் ‘டவுன்லோட்’ என்று ஐந்து பொத்தான்கள். அதில் பெரிய பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டான். வந்த கோப்பை மாட்ஸ் ஃபோல்டரில் போட்டான். வரைபடம் வரவில்லை. பொறுமை போய் அந்தக் கோப்பையே இரண்டு முறை தட்டித் திறந்திருக்கிறான். கறுப்புப் பெட்டி ஒன்று மின்னி மறைந்தது. மறுநாள் காலையில் அவனுடைய டிஸ்கார்ட் அரட்டைக் கணக்கிலிருந்து வகுப்பு முழுவதற்கும் ‘இலவசப் பரிசு’ லிங்க் போயிருந்தது.

“அண்ணா, ஜார் கோப்பைத்தானே போட்டேன்” என்று அழாத குறையாக நின்றான். பார்த்தால் ஜார் என்றுதான் தெரிந்தது. விண்டோஸ் தனக்குத் தெரிந்த கோப்புகளின் பெயரில் கடைசியில் வரும் வாலை மறைத்துவிடும். ‘வியூ’ மெனுவில் அந்த வாலைக் காட்டச் சொன்னதும் ஜாருக்குப் பின்னால் எக்ஸி, அதாவது திறந்தால் நிரலாகவே ஓடும் கோப்பின் வால், ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. கணினியில் ஆடும் ஜாவா பதிப்புக்கான மாட் ஜார் கோப்பாகத்தான் வரும். அதை நாம் திறக்கவே வேண்டாம். மாட்களை ஏற்றித் தரும் ஃபோர்ஜோ ஃபேப்ரிக்கோ விளையாட்டு தொடங்கும்போது தானே எடுத்துக்கொள்ளும். ஃபோர்ஜுக்கு ஒன்று, ஃபேப்ரிக்குக்கு ஒன்று, அதிலும் விளையாட்டின் பதிப்பு 1.20.1 என்றால் 1.20.1க்கே உரியது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வேறு கணினியில் உட்கார்ந்து கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினோம். விண்டோஸைப் புதிதாக நிறுவினோம். நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது தனிக்கதை. இப்போது அவனுக்கு மாட்ரிந்த், கர்ஸ்ஃபோர்ஜ் என்ற இரண்டு மாட் தளங்களுக்கு மட்டும்தான் அனுமதி.

*

நான் குளச்சல். எனக்கு வைரஸ் எதுவும் வரவில்லை, விளையாட்டில் கட்டிய உலகம்தான் போனது. வால்ஹெய்ம் ஆடுகிறோம், நான்கு பேர், ஒருவன் கத்தாரில். அவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் எங்களுக்கும் அன்றுதான் கூட்டம். ஒரு வெள்ளியன்று, விளையாட்டை வாங்கிய ஸ்டீம் செயலி தானாகவே விளையாட்டைப் புதுப்பித்துவிட்டது, மாட்கள் படுத்துவிட்டன. எரிச்சலில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு உலகத்தைத் திறந்தேன். மாட் தந்த பெரிய பெட்டிகளை விளையாட்டுக்கு அடையாளம் தெரியவில்லை. பெட்டிகளோடு உள்ளே இருந்த இரும்பும் வெள்ளியும் மறைந்தன, அந்தக் கோலத்திலேயே சேமிப்பும் ஆகிவிட்டது. “மக்கா, மூன்று மாத இரும்பு” என்றான் கத்தார்க்காரன். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

வால்ஹெய்ம் உலகம் என்பது டிபி, எஃப்டபிள்யூஎல் என்று முடியும் இரண்டு கோப்புகள். இரண்டையும் வேறிடத்தில் நகலெடுத்து வைக்காமல் இப்போது நான் எந்த மாட்டையும் தொடுவதில்லை. மாட்களை நிர்வகிக்கும் ஆர்2மாட்மேன் செயலியில் ஒரு புரொஃபைல் செய்து, அதன் குறியீட்டை மற்ற மூவருக்கும் அனுப்பிவிடுகிறேன். நால்வரிடமும் ஒரே மாட், ஒரே பதிப்பு.

*

தக்கலைக்காரருக்கு மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வார்த்தை. கர்ஸ்ஃபோர்ஜையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2023 ஜூனில் சில மாட் ஆசிரியர்களின் கணக்குகளைக் கைப்பற்றி, அவர்கள் பெயரிலேயே நச்சு நிரலை அங்கே ஏற்றினார்கள். ஃப்ராக்சரைசர் என்று அதற்குப் பெயர். பிரவுசரில் இருக்கும் குக்கிகளையும் கடவுச்சொற்களையும் திருடும் என்பது ஒரு பக்கம். அந்தக் கணினியில் இருக்கும் மற்ற ஜார் கோப்புகளுக்குள்ளும் அது புகுந்துகொள்ளும் என்று படித்தபோதுதான் எனக்கு வியர்த்தது. ஏனென்றால் நாங்கள் மாட் பரிமாறிக்கொள்வது பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், பழம்பொரி எண்ணெய் படிந்த ஒரே பென்டிரைவில். யார் கணினியிலிருந்து எது வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அன்றே அந்தப் பென்டிரைவில் இருந்ததை எல்லாம் அழித்தேன். இப்போது புதுப் பதிப்பு வந்தாலும் நான்கைந்து நாள் பொறுத்துத்தான் எடுக்கிறேன். கோப்பில் வைரஸ் உண்டா என்று சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்திலும் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் புத்தம் புதிய வைரஸ் என்றால் அங்கேயும் பச்சையே காட்டக்கூடும்.

*

நான் நாகர்கோவில், ஓர் அம்மா. என் மகன் மைன்கிராஃப்ட் ஆடுவது ஃபோனில். அது பெட்ராக் பதிப்பாம், அங்கே ஜார் செல்லாது, எம்சிஆட்ஆன் கோப்புதான் வேண்டுமாம். அவன் கண்டுபிடித்த தளமோ முதலில் ஏதோ ஒரு ஏபிகே செயலியை (பிளே ஸ்டோருக்கு வெளியே இறக்குவது) நிறுவச் சொன்னது. அதற்காக ‘அறியாத செயலிகளை அனுமதி’ என்பதை அமுக்கவும் சொன்னது. ஃபோனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. நேற்று மீன்குழம்புக்கு மட்டும் வாய் திறந்தான்.